வீட்டை அடமானம் வைத்த நடிகன்

லாஸ் ஏஞ்சலிஸ்
ஞாயிறு காலை

அன்புள்ள முத்தையா,

நீ அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. சின்னவள் வேலையை விட்டுவிட்டாள், படம் எடுக்கப்போகிறாளாம், அதற்கு வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறாளாம். 'நீதான் சினிமாக் கிறுக்கன், நீயே அவளுக்கு நாலு புத்தி சொல்லு' என்று விஷயத்தை என் தலையில் கட்டிவிட்டாய். புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? 1983-ல் நாடகம் போடுகிறேன் பேர்வழி என்று உன் சைக்கிளை விற்க வைத்தவன் நான். இரண்டே காட்சி. இரண்டாவது காட்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் உன் சொந்தக்காரர்கள்.

இங்கே என் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. முட்டி வலி கொஞ்சம் தேவலை. பேரன் என்னிடம் இங்கிலீஷில் பேசுகிறான், நான் தமிழில் பதில் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிடுகிறது. காலையில் நடக்கப் போனால் தெருவில் மனுஷ வாடையே கிடையாது, நாயை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் 'ஹாய்' சொல்கிறார்கள். போன சனிக்கிழமை மகனிடம், "என்னை ஒரு கல்லறைக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்றேன். டிஸ்னிலேண்டுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன் முகத்தை நீ பார்த்திருக்கணும்.

வெஸ்ட்வுட் என்று ஓர் இடம். உயரமான ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால், கார் நிறுத்தப் போகிற சந்து மாதிரி ஒரு வழி. உள்ளே போனால் பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மர்லின் மன்றோவைத் தேடித்தான் வருகிறார்கள். நான் தேடிப் போனது, நடிகனாக இருந்து சொந்தமாகப் படம் எடுக்கக் கிளம்பிய அமெரிக்கன் ஜான் கசாவெட்டிஸை. அவனைப் பற்றி உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன், நீ மறந்திருப்பாய். சின்னவளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இந்த ஒரு ஆளின் கதைதான். அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன், நீ அவளுக்குக் காட்டு.

1929-ல் நியூயார்க்கில் பிறந்தவன். அப்பா அம்மா கிரேக்கர்கள். பிறந்த கொஞ்ச நாளில் குடும்பம் கிரீஸுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தபோது அவனுக்கு ஏழு வயசு, ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. (இதைப் பேரனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.) நியூயார்க்கில் நடிப்புப் பள்ளியில் படித்தான். அங்கே மேடையில் பார்த்த ஜீனா ரோலண்ட்ஸ் என்ற பெண்ணை 1954-ல் கல்யாணம் பண்ணிக்கொண்டான். அது டெலிவிஷன் நாடகங்களின் காலம். கோபக்கார இளைஞன் வேஷம் என்றால் இவனைக் கூப்பிடுவார்கள். ஒல்லி உடம்பு, கூரான முகம், எப்போது அடிப்பான் எப்போது சிரிப்பான் என்று சொல்லமுடியாத கண். பிழைப்புக்குக் குறைவில்லை. அப்படியே போயிருந்தால் நாலாவது ஐந்தாவது பெயராகப் பட டைட்டிலில் வந்துகொண்டே இருந்திருப்பான்.

நடிகர்களுக்கென்று ஒரு பட்டறை நடத்திக்கொண்டிருந்தான். அங்கே பிள்ளைகள் பேசிப் பேசி நடித்த ஒரு காட்சி பிடித்துப்போக, இதையே படமாக எடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1957-ல் ராத்திரி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் உட்கார்ந்து, ஜனங்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் ஜனங்களே காசு அனுப்புங்கள் என்கிற தோரணையில் பேசிவிட்டான். மறுநாளிலிருந்து தபாலில் ஒற்றை ஒற்றை டாலராக வந்து விழுந்ததாம். சுமார் 2,000 டாலர் தேறியிருக்கிறது. வாங்கிவிட்டோமே, இனி எடுக்காமல் இருக்கமுடியுமா? எடுத்தான். அதுதான் 'ஷேடோஸ்'. 16 எம்எம் கேமரா, நியூயார்க் தெருக்கள், அனுமதி கினுமதி ஒன்றும் கிடையாது. கறுப்பின அண்ணன், தம்பி, தங்கை மூன்று பேர். தம்பியும் தங்கையும் பார்வைக்கு வெள்ளையாக இருப்பார்கள். தங்கையைக் காதலிக்கிற வெள்ளைக்காரப் பையன் ஒருநாள் அவள் அண்ணனைப் பார்க்கிறான். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் முகம் போகிற போக்குதான் படமே.

1958-ல் முதல் வடிவத்தைத் திரையிட்டபோது ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். அவன் மனசு விடாமல் பாதிக்கு மேல் மறுபடி எடுத்தான். வேடிக்கை என்னவென்றால் முதல் வடிவத்தைத் தலையில் தூக்கி வைத்து விருது கொடுத்த விமர்சகர் ஜோனஸ் மேகாஸ், இரண்டாவதைப் பார்த்துவிட்டு, கெடுத்துவிட்டான் என்று திட்டினார். வெனிஸ் திரைப்பட விழாவில் விமர்சகர் பரிசு வாங்கியது அந்தக் 'கெட்டுப்போன' வடிவம்தான்.

இங்கே சின்னவள் கொஞ்சம் கவனிக்கட்டும். இந்தப் படம் முடியும்போது, நீங்கள் பார்த்தது முழுக்க அங்கேயே பேசி நடித்தது என்று எழுத்துப் போடுவார்கள். அதை நம்பி, எழுதாமலே படம் எடுக்கலாம் என்று கிளம்பிய பிள்ளைகள் உலகம் முழுக்க உண்டு. ஆனால் மறுபடி எடுத்த காட்சிகளில் பலதும் எழுதி எடுத்தவை. அதற்கப்புறம் அவன் எடுத்த சொந்தப் படங்கள் எல்லாமே பக்கம் பக்கமாக எழுதினவைதான். அந்த வசனத்தை எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நடிகர்களிடம் விட்டுவிடுவான். கேமராக்காரர்தான் அவர்கள் பின்னால் ஓடவேண்டும். தரையில் கோடு போட்டு இங்கே நில், அங்கே நில் என்பதே கிடையாது. அவனே நடிகன், வெளிச்சத்துக்காக நிற்கவைத்து நிற்கவைத்து நடிப்பைச் சாகடிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

அதன்பிறகு ஹாலிவுட் கூப்பிட்டது, போனான். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பற்றி 'எ சைல்ட் இஸ் வெயிட்டிங்' என்று 1963-ல் ஒரு படம். பர்ட் லங்காஸ்டர், ஜூடி கார்லண்ட் எல்லாம் இருக்கிறார்கள், நிஜமான பிள்ளைகளும் நடித்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை, பெரியவர்களிடம்தான் குறை என்பது இவன் கட்சி. தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமருக்கு வேறு எண்ணம். எடிட்டிங்கைப் பிடுங்கி அவர் இஷ்டத்துக்கு வெட்டினார், சண்டை முற்றிக் கைகலப்பு வரை போனதாகச் சொல்வார்கள். ரொம்ப நாள் இவனைப் படம் இயக்க ஒருத்தரும் கூப்பிடவில்லை. இந்த லங்காஸ்டரும் அதே வெஸ்ட்வுட் தோட்டத்தில்தான் படுத்திருக்கிறார். நடந்துகொண்டே இருந்தபோது பெயரைப் பார்த்தேன், ஒரு மாதிரியாக இருந்தது.

இனிமேல்தான் வீட்டு விஷயம் வருகிறது.

ஹாலிவுட் மலைப்பக்கம் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டிலும் மாமியார் வீட்டிலுமாக, 1965-ல் ஆறு மாசம் நண்பர்களை வைத்து 'ஃபேசஸ்' என்ற படத்தை எடுத்தான். பகலெல்லாம் வேறு வேலை பார்க்கிற ஆட்கள் சாயங்காலம் வருவார்கள், விடிய விடிய ஷூட்டிங். யாருக்கும் சம்பளம் கிடையாது. கதாநாயகியாக நடித்த லின் கார்லின் அதற்குமுன் நடிகையே இல்லை, ஆபீஸில் செக்ரட்டரியாக இருந்தவள். ஷூட்டிங் ஆறு மாசம், எடிட்டிங் மூன்று வருஷம்! காசு தீர்ந்ததும் இவன் வேஷம் கட்டப் போவான், சம்பளம் வந்ததும் மறுபடி எடிட்டிங். 'தி டர்ட்டி டசன்' படத்தில் கைதிப் பட்டாளத்தில் ஒருத்தனாக நடித்து ஆஸ்காருக்குப் பெயர் போனது. 'ரோஸ்மேரிஸ் பேபி'யில், தனக்கு நல்ல வேஷம் கிடைப்பதற்காகப் பெண்டாட்டியின் வயிற்றையே சாத்தானுக்கு விற்கிற நடிகன் வேஷம். சம்பளத்துக்குப் பெண்டாட்டியை விற்கிறவனாக நடித்துவிட்டு வந்து, அந்தச் சம்பளத்தில் பெண்டாட்டியைப் படம் எடுத்தவன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். 1968-ல் 'ஃபேசஸ்' வெளிவந்து மூன்று ஆஸ்கார் பரிந்துரை வாங்கியது. அதில் ஒன்று அந்தச் செக்ரட்டரி அம்மாளுக்கு.

உன் வீட்டில் மூன்று வருஷம் கூடத்திலும் கார் ஷெட்டிலும் பிலிம் சுருள் கிடந்தால் மதினி என்ன சொல்லுவாள்?

அடுத்தது 1974. ஜீனா தனக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தான். படித்துவிட்டு, இதைத் தினமும் மேடையில் நடித்தால் நான் தாங்கமாட்டேன் என்றுவிட்டாள். அது படமானது. 'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்'. ஸ்டுடியோக்காரர்கள் யாரும் தொடவில்லை. வீட்டை அடமானம் வைத்தான். அந்தச் சமயம் பீட்டர் ஃபாக், 'கொலம்போ' தொடரில் கசங்கின மழைக்கோட்டோடு துப்பறிகிறவர், நல்ல வருமானத்தில் இருந்தார். அவர் 5 லட்சம் டாலர் போட்டார், புருஷனாகவும் அவரே நடித்தார். யூனிட்டில் பாதிப்பேர் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள். மாமியாராக நடித்தது கசாவெட்டிஸின் சொந்த அம்மா, கதாநாயகியின் அம்மாவாக நடித்தது ஜீனாவின் சொந்த அம்மா. 'இவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்' என்று கத்துகிற மாமியார் நிஜத்திலும் மாமியார்தான், யோசித்துப் பார்!

நகராட்சியில் குழாய் வேலை மாதிரி செய்கிற தொழிலாளி நிக், அவன் பெண்டாட்டி மேபல், மூன்று பிள்ளைகள். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு விடிகாலையில் கூட வேலை செய்கிற பத்துப்பன்னிரண்டு பேரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறான் நிக். அவள் எழுந்து எல்லோருக்கும் ஸ்பகெட்டி ஆக்கிப் போடுகிறாள். ஒவ்வொருத்தர் பேராகக் கேட்கிறாள். ஒருத்தன் எழுந்து பாட ஆரம்பிக்கிறான், இவள் அவன் வாய்க்குப் பக்கத்தில் போய் அந்தப் பாட்டு எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கிற மாதிரிப் பார்க்கிறாள். இன்னொருத்தனை ஆடக் கூப்பிடுகிறாள். அன்பு அளவை மீறுகிறது, புருஷன் ஒரு அதட்டல் போடுகிறான். அவ்வளவுதான், அந்தச் சாப்பாட்டு மேசை செத்துப்போகிறது. ஏறக்குறைய ஒன்றுமே நடக்காத காட்சி. ஆனால் நம் வீட்டுக் கல்யாணங்களில் சத்தமாகச் சிரித்த எத்தனை சித்திகளை, அத்தைகளை யார் யார் அப்படி அதட்டி உட்காரவைத்தார்கள் என்று எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

கடைசியில் ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அவள் வீட்டுக்கு வருகிறாள். சொந்தபந்தம் எல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவளையே பார்க்கிறது. அவள் அப்பாவைப் பார்த்துச் சொல்கிறாள், "எனக்காக நில்லுங்களேன் அப்பா." அவருக்குப் புரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். "அப்படி இல்லப்பா, உட்காருங்க" என்கிறாள். திரும்பவும் கேட்கிறாள், அவர் திரும்பவும் எழுந்து நிற்கிறார். முத்தையா, நான் அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

படம் முடிந்து டப்பாவில் இருக்கிறது, வாங்க விநியோகஸ்தர் இல்லை. இவனே தியேட்டர் தியேட்டராகப் போன் பண்ணித் தேதி வாங்கினான், போஸ்டரிலிருந்து எல்லாம் இவனும் கூட இருந்த பிள்ளைகளும்தான் பார்த்தார்கள். ரிச்சர்ட் டிரைஃபஸ் என்ற நடிகர் டிவியில், படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன் என்று பாராட்டாகச் சொல்லிவைத்தார். அதைக் கேட்டு வந்த கூட்டமும் உண்டாம்! வசூல் நன்றாக இருந்தது, வீடு தப்பியது. சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரும் ஆஸ்கார் பட்டியலில் வந்தது. பரிசு கிடைக்கவில்லை.

இங்கேயே நிறுத்திவிட்டால் சின்னவள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே பாங்குக்குப் போய்விடுவாள். நிறுத்தமாட்டேன். அந்தப் பணத்தை வைத்து 1976-ல் 'தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி' எடுத்தான். சின்னதாக ஒரு கேளிக்கை விடுதி நடத்துகிறவன், தன் ஆட்டக்காரப் பெண்களையும் மேடையையும் காப்பாற்ற என்னவெல்லாம் செய்யவேண்டி வருகிறது என்பது கதை. சூதாட்டக் கடன் 23,000 டாலர், அதைத் தீர்க்க ஒரு கொலை. பென் கஸாரா நடித்தார். இது கசாவெட்டிஸ் தன்னையே எழுதிக்கொண்ட கதை என்று எனக்குத் தோன்றும். வந்த வேகத்தில் படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது, இரண்டு வருஷம் கழித்து வெட்டிச் சுருக்கி மறுபடி விட்டுப் பார்த்தான். 1977-ல் 'ஓப்பனிங் நைட்'. வயசாவதை ஒப்புக்கொள்ள மறுக்கிற ஒரு மேடை நடிகையின் கதை. என்னைக் கேட்டால் அவன் எடுத்ததில் இதுதான் உச்சம். பெர்லின் திரைப்பட விழாவில் ஜீனாவுக்குப் பரிசு கொடுத்தார்கள், அமெரிக்காவில் ஈ ஓட்டியது. சொந்தக் காசு, சொந்த விநியோகம், சொந்த நஷ்டம்.

எல்லாப் படமும் எனக்குப் பிடிக்கும் என்று நினைக்காதே. 'ஹஸ்பண்ட்ஸ்' என்று ஒன்று உண்டு, மூன்று ஆம்பிளைகள் நண்பனைப் புதைத்துவிட்டு வந்து குடித்துக் கத்திக்கொண்டே இருப்பார்கள். என் வீட்டுக்காரி அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டாள். அவள் போனது நியாயம். அவனுக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியாது, படத்திலும் தெரியாது, குடியிலும் தெரியாது.

நண்பர்களிடம் பேச்சிலும் அப்படித்தான். இளைஞனாக இருந்த மார்ட்டின் ஸ்கார்செஸி 1972-ல் சம்பளத்துக்கு ஒரு மசாலாப் படம் எடுத்துக் காட்டியபோது, கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு வருஷ வாழ்க்கையைக் குப்பைக்குக் கொடுத்துவிட்டாயே என்று திட்டி, உனக்கு உள்ளே இருக்கிறதை எடு என்று அனுப்பினானாம். அதன்பிறகு வந்ததுதான் 'மீன் ஸ்ட்ரீட்ஸ்'.

1980-ல் 'குளோரியா'. விற்றுக் காசாக்கலாம் என்று எழுதின கதை, கடைசியில் ஜீனாவுக்காக இவனே இயக்கவேண்டி வந்தது. தனக்கே அவ்வளவாகப் பிடிக்காத படத்துக்கு வெனிஸில் முதல் பரிசான தங்கச் சிங்கம். அப்புறம் 'லவ் ஸ்ட்ரீம்ஸ்', 1984. அதற்குள் கல்லீரல் போய்விட்டது, ஆறு மாசம் தாங்கும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கதாநாயகனாக நடிக்கவேண்டியவர் விலகிக்கொள்ள, வயிறு வீங்கின நிலையில் அவனே நடித்தான். ஷூட்டிங் அதே பழைய வீட்டில். கடைசிக் காட்சியில் மழை பெய்கிறது, அவன் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து தொப்பியை ஆட்டி விடைகொடுக்கிறான். பெர்லினில் முதல் பரிசான தங்கக் கரடி கிடைத்தது. நடுவில் யாரோ விட்டுப்போன நகைச்சுவைப் படம் ஒன்றை முடித்துக் கொடுத்தான், அதைப் பற்றிப் பேசவேண்டாம். டாக்டர்கள் சொன்னதற்கு மேல் சில வருஷம் இருந்துவிட்டு 1989 பிப்ரவரி 3-ஆம் தேதி போனான். 59 வயசு. நமக்கு அதைவிட ஜாஸ்தி ஆகிவிட்டது, பார்த்தாயா.

படமாகாத திரைக்கதைகள் பெட்டி பெட்டியாக விட்டுப்போனான். அதில் ஒன்றை மகன் நிக் 1997-ல் 'ஷீ இஸ் ஸோ லவ்லி' என்று எடுத்தான். பிள்ளைகள் மூன்று பேருமே இயக்குநர்கள்தான். அதே நிக் 2004-ல் 'தி நோட்புக்' படத்தில், எல்லாவற்றையும் மறந்துபோன கிழவி வேஷத்தில் அம்மாவை நடிக்கவைத்தான். ஜீனாவுடைய அம்மாவுக்கு அந்த நோய் இருந்தது. பிறகு ஜீனாவுக்கும் வந்தது. 2024 ஆகஸ்டில், 94-வது வயசில் போனாள். எந்தச் செய்தியும் அன்றைக்கு என்னை இவ்வளவு பாதிக்கவில்லை.

தோட்டத்தில் பீட்டர் ஃபாக்கும் இருக்கிறார். 5 லட்சம் டாலர் போட்ட ஆள். மகன் காரில் ஏசியைப் போட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் இரண்டு கல்லுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் உன் சைக்கிள் ஞாபகம் வந்தது. அதை விற்றபோது நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஒரு வருஷம் கல்லூரிக்கு நடந்தே வந்தாய். நான் மறுவருஷமே பாங்கு பரீட்சை எழுதிவிட்டேன்.

சின்னவளிடம் மூன்று விஷயம் கேள். கதையைக் கடைசிப் பக்கம் வரை எழுதிவிட்டாளா, அவளோடு சம்பளம் இல்லாமல் ராத்திரி கண்விழிக்க யார் யார் இருக்கிறார்கள், எடுத்து முடித்த படத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவாள். பதிலை அவளே நேராக எனக்கு எழுதட்டும், சித்தப்பா கேட்டான் என்று சொல். பத்திரத்தை இப்போது வெளியே எடுக்கவேண்டாம், நான் தை பிறந்ததும் வந்துவிடுவேன். என் வைப்புநிதி ஒன்று அதற்குள் முதிர்கிறது. இதை என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லிவிடாதே.

ஷூட்டிங் நம் வீட்டிலேயே என்றால், முதல் வேலையாகக் கூடத்துச் சுவரில் இருக்கிற அந்தப் பச்சைப் பெயிண்டை மாற்றச் சொல். எந்தக் கேமராவும் அதைத் தாங்காது.

மதினிக்கு என் வணக்கம். மாமியார் வேஷத்துக்கு அவளையே கேட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
சங்கரன்